ஆடியில் நடந்த தவறும் அப்பாவின் தார்சு வீடும்

கல்யாணமான முதல் ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டு, மாப்பிள்ளையைக் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடியில் கரு நின்றால் சித்திரையில் பிள்ளை பிறக்கும். சித்திரை வெயிலைப் பிள்ளையும் தாங்காது, பெற்றவளும் தாங்கமாட்டாள். சாமி, சாத்திரம் என்று மேலே எதைச் சொல்லி மூடினாலும் அடியில் இருப்பது வெறும் வெயில் பயம்தான். இத்தனை முன்யோசனையோடு விதி செய்தவர்கள், மாப்பிள்ளை ஹைஸ்கூல் பௌதிக வாத்தியாராக இருந்து, சனி ஞாயிறு பள்ளிக்கூடம் லீவும் விட்டு, அவிநாசியிலிருந்து கோயமுத்தூருக்கு பஸ்ஸும் ஓடினால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் முதல் வாரம், எங்கள் வீட்டில் இரவல் வாங்கியிருந்த குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அடுத்த வாரம் அதே குடையை மறுபடியும் இரவல் வாங்க வந்தார். அதற்கடுத்த வாரம் குடைக் கம்பி ஒடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போக வந்தார். மழையோ ஒரு பொட்டும் இல்லை. ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, "ஏனுங்க மாமா, கடைசி பஸ் போயிருச்சுங்க" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். வந்த மாப்பிள்ளையைப் போ என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கு நாக்கு வரும்?

சரி, அப்பாவாவது காவல் இருந்தாரா? அவர் அப்போதுதான் புது வீடு கட்டியிருந்தார். ஓட்டுக்கூரை இல்லை, கான்கிரீட் போட்ட மொட்டைமாடி வீடு. எங்கள் பக்கம் தார்சு வீடு என்போம். அந்தத் தார்சின்மேல் கட்டிலைப் போட்டு, ஆடிக்காற்றில் வேட்டி படபடக்க, குறட்டை விட்டுத் தூங்கினார். அம்மா சமையலறையில் அசந்து தூங்கினாள். இதற்குமேல் நான் விளக்கமாட்டேன். புரட்டாசியில் எனக்கு வாய் புளிப்புக் கேட்டது.

செய்தி தெரிந்ததும் என் மாமியார் விரலை மடக்கி மாதம் எண்ணினார். எண்ணிக்கை நேராகப் போய்ச் சித்திரையில் நின்றது. என் மாமியார் ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். மரியாதையில் தோய்த்து எடுத்துத்தான் ஒவ்வொரு சொல்லையும் போடுவார். அதனாலேயே அது ஆழமாய் இறங்கும். நல்ல செய்தி சொல்லப் பழத்தட்டோடு வந்த என் அப்பா அம்மாவை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, அப்புறம் கேட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, ஆடிக்குப் புள்ளையக் கூட்டிட்டுப் போனீங்களே, அது எதுக்குங்க?"

அப்பா காப்பியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். மாமியார் மகன் பக்கம் திரும்பி, "நீ நாலு புள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறயாக்கும்" என்றார். என் வீட்டுக்காரர் உத்திரத்தில் எதையோ தேடினார். பிறகுதான் தீர்ப்பு வந்தது.

"மொதப் பிரசவம் தாய்ஊட்டுலதானுங்க. நான் மொறைய மாத்தல. ஆனா அந்தத் தார்சு ஊட்டுக்கு, சித்திரை மாசத்துல, என்ற மருமவள நான் அனுப்பமாட்டனுங்க. கோவிச்சுக்காதீங்க, பழம் எடுத்துக்கங்க."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. முதல் பிரசவம். பயமாக இருந்தது. மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வீட்டில் பாத்திர மூடிகூடச் சத்தம் போடப் பயப்படும். அங்கே நான் வலியில் 'ஐயோ' என்று கத்தினால்கூட, 'ஐயோங்க' என்று கத்தவேண்டியிருக்குமோ என்று இருந்தது. எனக்கு என் அம்மா வேண்டும். அவ்வளவுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டிக்கொண்டு பிள்ளை பெறவேண்டும், பெற்றபின் அவள் கையால் பத்தியச் சோறு தின்றுகொண்டு மூன்று மாதம் படுத்துக் கிடக்கவேண்டும். மாட்டுத் தொழுவத்துக்குப் போய் எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். எருமை நகர்ந்து போய்விட்டது.

மாமியார் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. எங்கள் கல்யாணம் வைகாசியில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரைப் பெருமையாகப் புது வீட்டுக் கூடத்தில்தான் அப்பா இறக்கினார். மத்தியானம் பந்தி முடிந்து அங்கே படுத்தவர்கள் அரைமணி நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். பொழுது சாய்ந்தால் குளிரும் என்று திரும்பி வந்தால், சாயங்காலம் இன்னும் மோசம். கூரை அதுவரை குடித்த வெயிலையெல்லாம் அப்போதுதான் கீழே கக்கத் தொடங்கியது. மின்விசிறி போட்டால், மேலே நின்ற சூட்டை அள்ளி முகத்தில் கொட்டியது. மாமியார் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார். "எங்களுக்குப் பதிலா வடகத்தப் பரப்பியிருந்தா, வருசத்துக்கு ஆகியிருக்குமுங்க" என்று மறுநாள் என் அம்மாவிடம் சொன்னாராம்.

அந்தச் சூளையைக் கட்டியதில் அப்பாவின் மூளை முழுக்க இருந்தது, அதுதான் வேடிக்கை. எங்கள் ஊர்ப் பழைய வீட்டு மண்சுவர் ஒரு ஆள் படுக்கும் அகலம். உள்ளே எப்போதும் குளுகுளு என்று இருக்கும். அப்பா அதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டார்: தடிமன் கூடக் கூடக் குளிர்ச்சி. சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க நடையாய் நடந்து, யார் யார் காலையோ பிடித்து, கொத்தனார் போதும் போதும் என்று கும்பிட்டும் கேட்காமல், "போடுங்க, இன்னும் போடுங்க" என்று கூரையை மொத்துமொத்தென்று போடவைத்தார். தெருவிலேயே முதல் தார்சு வீடு. காந்திபுரத்திலிருந்து வருகிறவர்கள் வழி கேட்டால், "அந்தா தெரியுதே தார்சு ஊடு, அதுக்கு இக்கட்ட" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதைக் காதால் கேட்பதற்காகவே அப்பா வாசலில் நிற்பார்.

பேரப்பிள்ளை தன் வீட்டில் பிறக்காது என்றதும் அப்பா ஆடிப்போனார். தென்னங்கீற்று வேய்ந்து தார்சின்மேல் ஒரு கூரை போட்டால் போதும், வெயில் இறங்காது என்றாள் அம்மா. அப்பாவுக்கு வந்ததே கோபம்!

"கீத்தா? இத்தன சிமெண்டு போட்டுக் கட்டிப்போட்டு அது மேல கீத்தா? ரோட்டுல போறவன் தறிக்கொட்டாயின்னு நெனச்சு ஜோடி வேட்டி என்ன வெலைன்னு கேப்பான்!"

அதற்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றினார். கிணற்றிலிருந்து குடம் குடமாய் ஏற்றி, தார்சு முழுக்கக் கொட்டவைத்தார். ஊற்றிய மறுநிமிஷம் ஆவி கிளம்பிக் காய்ந்தது. விடாமல் ஊற்றியதில் ஒரு மூலை ஊறி, அம்மாவின் அரிசிப் பானைக்குள் சொட்டியது. வீடு அடுப்பாக இருந்தது போய் இட்டிலிக் குண்டானாக ஆனது.

மாதத்துக்கு ஒருமுறை லேடி டாக்டரிடம் காட்ட என் வீட்டுக்காரர் என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிவருவார். திரும்பி பஸ் ஏறும்முன் தாய்வீட்டில் ஒரு மத்தியானம் தங்குவோம். மாசி மாதத்தில் அப்படி வந்தபோது, அப்பா கூரைமேல் இன்னொரு தட்டுக் கான்கிரீட் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தவறுக்குப் பாதிப் பொறுப்பாளி என்ற கூச்சத்தில் அதுவரை வாயைத் திறக்காமலிருந்த என் வீட்டுக்காரருக்கு, அன்றைக்குப் பௌதிகம் பொங்கிவிட்டது.

"வேண்டாமுங்க மாமா. தடிமன் வேற, தடுக்கறது வேறங்க. கான்கிரீட் சூட்டத் தடுக்காது. வாங்கி வெச்சுக்கும், பொறவு மெதுவாக் குடுக்கும். இன்னும் போட்டீங்கன்னா, இன்னும் நெறைய வாங்கி வெச்சுக்குமுங்க."

"அப்பறம் எதுதானுங்க மாப்ள தடுக்கும்?"

"பஞ்சு தடுக்குமுங்க."

அப்பாவுக்குப் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலை ஒன்று இருந்தது. காலமெல்லாம் பஞ்சில் புரண்ட மனிதர். அவர் என்னைப் பார்த்த பார்வையில், 'இந்த ஆளுக்கா உன்னைக் குடுத்தேன்' என்பது பளிச்சென்று தெரிந்தது.

"மாப்ள, பஞ்சு மெத்தையில படுத்தா வேர்த்துக் கொட்டுதுங்க. அது போய்க் குளுத்தி பண்ணுமா?"

"வேர்க்கறது நம்ம ஒடம்புச் சூட்டுலங்க. பஞ்சு தானா எந்தச் சூடும் குடுக்காதுங்க மாமா. இருக்கற சூட்டுக்கு வழி விடாது, அவ்வளவுதான். உள்ள ஆள் படுத்தா உள்சூடு வெளிய போகாது. உள்ள ஐஸை வெச்சா வெளிச்சூடு உள்ள வராது."

"ஐஸை? பஞ்சுக்குள்ளயா? உருகி ஓடிப்போகுமுங்க!"

பந்தயம் வைத்தாயிற்று. என் வீட்டுக்காரர் சைக்கிளில் போய் ஐஸ் பேக்டரியிலிருந்து ஒரு பாளம் வாங்கி வந்து, சமமாய் இரண்டாக உடைத்தார். அப்பா வீட்டிலேயே கனமான பித்தளை அண்டாவைத் தேர்ந்தெடுத்தார். தாம்பூலம் கொடுப்பதைப்போல ஐஸை அதில் வைத்து, மூடி போட்டு, மூடிமேல் அம்மிக்குழவியையும் வைத்தார். "இதத் தாண்டிச் சூடு போகட்டும் பாப்போம்" என்றார். என் வீட்டுக்காரர் ஒரு சாக்கில் பஞ்சை உதறிப் போட்டு, நடுவில் ஐஸை வைத்து, மேலும் பஞ்சு போட்டுக் கட்டினார். தோற்றால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று அப்பா வீறாப்பாய்ச் சொன்னார். இரண்டையும் வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.

காப்பி நேரத்துக்கு அண்டாவைத் திறந்தோம். உள்ளே வெதுவெதுப்பாய்த் தண்ணீர் மட்டும் கிடந்தது. அப்பா கையை விட்டுத் துழாவினார். "அண்டாவுல எங்கியோ ஓட்டை இருக்குது" என்றார். கண்ணெதிரே தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கிறது! அப்புறம் சாக்கை அவிழ்த்தோம். பஞ்சு, பஞ்சு, இன்னும் பஞ்சு, நடுவில் பாதிக்குமேல் அப்படியே கம்மென்று உட்கார்ந்திருந்தது ஐஸ். எனக்கு வந்த சந்தோஷத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டேன். "அடியே, புள்ளத்தாச்சி மாதிரி நடந்துக்க" என்று அம்மா அலறினாள். நான் ஐஸைக் கடித்துக்கொண்டே சிரித்தேன்.

"மீசை வேண்டாமுங்க மாமா, கூரை மட்டும் போதும்" என்றார் என் வீட்டுக்காரர் பெருந்தன்மையாக. பிறகு, தடுப்பது பஞ்சுகூட இல்லை, பஞ்சின் இழைகளுக்குள் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றுதான் என்று விளக்கி, அதற்கு வெப்பத்தடை என்று பேரும் சொன்னார். அந்தப் பேர் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. பால்காரரிடம் போய், "பித்தளைக்கு வெப்பத்தடை பத்தாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவிடம் உள்ள தொல்லை, தோற்றால் முழுசாகத் தோற்பார். எதிராளி சொன்னதை அவரைவிட அதிகமாக நம்புவார். மறுநாளே ஆலையிலிருந்து வண்டி வண்டியாய்க் கழிவுப் பஞ்சு வந்து இறங்கியது. சாக்குகளில் திணித்து, தார்சு முழுக்க நெருக்கமாய் அடுக்கினார். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாதபடி கைப்பிடிச் சுவருக்குக் கீழேயே நிறுத்திக்கொண்டார். வீடு குளிர்ந்தது! சத்தியமாகக் குளிர்ந்தது. தெருவையே கூப்பிட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, "எப்பிடி இருக்குதுங்க?" என்று கேட்டாராம். அவிநாசிக்கு வந்து மாமியாரிடமும் சொன்னார். மாமியார், "அப்பிடீங்களா" என்றதோடு சரி.

அப்புறம் பருவம் தப்பி ஒரு மழை கொட்டித் தீர்த்தது.

ஈரப் பஞ்சில் காற்று ஏது? தண்ணீர்தான் இருந்தது. சாக்கெல்லாம் ஊறி, கூரைமேல் உட்கார்ந்து, வீடு மறுபடி வெந்தது. முடை நாற்றம் வேறு. அப்பா வெயிலில் காயட்டும் என்று விட்டுவைத்தார். அங்கேதான் பருத்திக்காரர் புத்தி சறுக்கியது. கழிவுப் பஞ்சு என்றால் கொட்டை இல்லாமலா இருக்கும்? ஈரமும் சூடும் கிடைத்த பருத்திக் கொட்டைகள் சும்மா இருக்குமா? அடுத்த தடவை நாங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து நிமிர்ந்து பார்த்தபோது, தெருவின் முதல் தார்சு வீட்டின் தலைமேல் பச்சைப்பசேலென்று பருத்திக் காடு. சாக்கைக் கிழித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவருக்கு மேலே இலையை ஆட்டிக்கொண்டிருந்தது. கீழே பத்துப் பதினைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசலில் இல்லை.

இந்தச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே பஸ் ஏறி அவிநாசி போய்விட்டது. மாமியார் எனக்குச் சாதம் போட்டுக்கொண்டே, "ஏங்கண்ணு, உங்கப்பா ஊட்டு மேல வெள்ளாமை நல்லா இருக்குதாமா? ஏர எப்பிடி மேல ஏத்துனாங்க?" என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, சோறு புரையேறியது. பங்குனி பிறந்துவிட்டது. பங்குனி முடிவதற்குள் அப்பா கட்டுச்சோறு கொண்டுவர வேண்டும். பலவகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து, விருந்து வைத்து, மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவதுதான் எங்கள் முறை. மாமியார் இன்னும் அதற்கு நாள் சொல்லவில்லை.

அந்த வாரமே என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடி கோயமுத்தூர் போனார். அவரும் அப்பாவும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். காற்றை அடைத்துவைக்கவும் வேண்டும், மழை அதைத் தொடவும் கூடாது என்றார் இவர். "காத்த எதுலீங்க மாப்ள புடிச்சு வெக்கறது? கோணியிலயா?" என்று அப்பா கத்தினார். அம்மா தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கோபத்தில் ஒரு மண்சட்டியைத் தலைகீழாய்த் தண்ணீருக்குள் அமுக்கினாள். சட்டி உள்ளே போக மறுத்துத் திமிறியது. அம்மா இன்னும் அழுத்தினாள். பொளக் என்று ஒரு குமிழி வந்தது.

நாலு பேரும் அதைப் பார்த்தோம். நாலு பேரும் ஒரே சமயத்தில் "சட்டி!" என்று கத்தினோம். அந்த யோசனை யாருடையது என்ற வழக்கு அவர்கள் மூவரும் கண்ணை மூடும்வரை தீரவில்லை. இப்போது நான் ஒருத்திதான் மிச்சம் என்பதால் சொல்கிறேன், என் குரல்தான் முதலில் வந்தது.

அப்பா குயவர் வீட்டில் ஒரு சூளைச் சட்டியை மொத்தமாய் வாங்கினார். எல்லாம் சின்னச் சின்னச் சட்டிகள். தார்சின்மேல் வாய் கீழே இருக்கும்படி ஒன்றையொன்று ஒட்டிக் கவிழ்த்து, இடுக்கில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பி, அதற்குமேல் தட்டோடு என்கிற சப்பையான ஓட்டைப் பதித்து, மழை இறங்காமல் பூசினார்கள். ஒவ்வொரு சட்டிக்குள்ளும் கொஞ்சம் காற்று, வெளியே போக வழியில்லாமல். வண்டியில் சட்டி போவதைப் பார்த்த தெருக்காரர்கள், "இப்ப வெள்ளாமைய அறுத்து மேலயே சோறாக்கறாங்களாக்கும்" என்றார்கள். இத்தனை பாரத்தைக் கூரை தாங்குமா என்று கொத்தனாருக்குச் சந்தேகம். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இதுக்குத்தானுங்க நான் அப்பவே மொத்தமாப் போடச் சொன்னேன்" என்றார். கொத்தனார் கரண்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

பங்குனிக் கடைசியில், அடுப்பு மூட்டாமலே சோறு வெந்துவிடும் போன்ற ஒரு நாளில், என் மாமியார் எங்களோடு பஸ் ஏறி வந்தார். யார் சொல்லையும் நம்பப்போவதில்லை, தானே படுத்துப் பார்த்தால்தான் ஆயிற்று என்றார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் கட்டிலைப் போடச் சொன்னார். "விசிறி போடாதீங்க. எல்லாரும் அக்கட்ட போயிருங்க" என்றார். படுத்தார்.

நாங்கள் நாலு பேரும் சமையலறையில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அப்பா கதவிடுக்கில் காதை வைத்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு நெற்றியில் வேர்த்து ஓடியது. அது வெயிலால் இல்லை. எனக்கு நெஞ்சு அடித்த வேகத்தில் வயிற்றுப் பிள்ளை விழித்துக்கொண்டு உதைத்தது. நேரம் போயிற்று. கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. அப்புறம், மெல்லியதாய், மரியாதையாய், ஒரு குறட்டை.

அப்பா மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார்! மாமனாரும் மாப்பிள்ளையும் சத்தம் வராமல் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். நான் உரலைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. குறட்டை நின்றது. நாங்களும் சிலையாய் நின்றோம். குறட்டை மறுபடி வந்தது. நாங்களும் மறுபடி ஆடினோம்.

மாமியார் பொழுது சாயும்போது எழுந்து முகம் கழுவினார். அப்பா காப்பியை நீட்டிக்கொண்டு, "எப்பிடீங்க சம்பந்தி?" என்றார், பல்லெல்லாம் தெரிய.

"இன்னும் முடியலீங்க" என்றார் மாமியார். "இந்தத் தார்சு சாயங்காலந்தான் கக்கும். அதையும் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

அப்பாவின் பல் மறைந்தது. மாமியார் மறுபடி கட்டிலில் மல்லாந்து படுத்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. முகத்தைக் கூரைக்கு நேராய்க் காட்டியபடி, சூடு இறங்குகிறதா என்று காத்துக் கிடந்தார். எங்களைப் போகச் சொல்லவும் இல்லை. வெளியே வெளிச்சம் மங்கியது. அம்மா விளக்கு வைத்தாள். சூடு இறங்கவில்லை. மாமியாரின் கண்ணோரத்திலிருந்துதான் ஏதோ இறங்கிக் காதுப்பக்கம் ஓடியது.

"எனக்கு மொதல்ல ஒரு பொம்பளப் புள்ளைங்க" என்றார், கூரையைப் பார்த்தபடியே.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். தனக்கு ஒரு அக்கா இருந்தது அவருக்கு அதுவரை தெரியாது.

"தாராபுரத்துப் பக்கம், எங்கப்பன் ஊட்டுல பொறந்துச்சுங்க. இதே சித்திரை. ஊருக்கே மொதத் தகரக் கூரை எங்களுதுதான். எங்கப்பனுக்கு அத்தன பெருமை. மத்தியானமானா உள்ள நிக்க முடியாது. ஈரத்துணிய சுத்திக் கட்டிக் கட்டிப் பாத்தமுங்க. மாசம் முடியறதுக்குள்ள போயிருச்சு. எங்கப்பன நான் ஒரு வார்த்தை கேக்கலீங்க. அவரே ஏறித் தகரத்தப் பிரிச்சு எறிஞ்சுபோட்டாரு."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் போய் மாமியாரின் காலடியில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் எழுந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, "அழாத கண்ணு, வயித்துப் புள்ளைக்கு ஆகாது" என்றார். அப்பாவிடம் திரும்பினார். "கட்டுச்சோறு கொண்டாங்க சம்பந்தி. புளிச்சோத்துல மட்டும் உப்பக் கொறைங்க. உங்க ஊட்டுல கை தாராளம்."

சித்திரையில் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டித்தான் பெற்றேன், மனசு நிறைந்தது. வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு உச்சிவெயிலில் மாமியார் பேத்தியைப் பார்க்க வந்தார். வேண்டுமென்றே அந்த நேரத்துக்கு வந்திருக்கவேண்டும். அப்பா வாசலிலேயே மறித்து, "மேல வாங்க சம்பந்தி, ஓட்டு வேலையக் காட்டறேன்" என்றார். "மொதல்ல புள்ளையக் காட்டுங்க" என்று மாமியார் உள்ளே வந்தார். தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தொட்டார், உள்ளங்காலைத் தொட்டார். மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அதன் வயிறு ஏறி இறங்குவதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "இப்பக் காட்டுங்க" என்று அப்பாவோடு படியேறினார்.

இரண்டு பேரும் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் தட்டோடு எப்படி இருந்திருக்கும்! மேலே தடதடவென்று குதிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. "அய்யோ சுடுதுங்க சம்பந்தி, சுடுதுங்க!" என்று அப்பா கத்தினார். அதற்குமேல் ஒரு சிரிப்பு. குரலே உயர்த்தாத என் மாமியார், மேலே வாய்விட்டு, மூச்சு வாங்க, விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமியார் கால் பொறுக்காமல் நொண்டிக்கொண்டு இறங்கி வந்தார். சிரிப்பும் கண்ணீருமாய் அறைவாசலில் நின்று குழந்தையைப் பார்த்தார்.

"மேல நிக்க முடியல கண்ணு" என்றார். "இவ தூங்கறா பாரு."